மாடி ஏறும் முன் மேலே பாருங்கள்



சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில், எங்கள் தெருவில் ஓர் இளைஞர் தோளில் இரும்பு ஏணியும் கையில் தட்டு ஆண்டெனாவுமாகச் செல்லக் கண்டேன். பின்னால் நான்கைந்து சிறுவர்கள். யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பொருத்துவதற்காக எடுத்துச் செல்கிறார் என்பது விளங்கிற்று. தெருவின் குறுக்கே ஓடும் மின்கம்பிக்குச் சற்றுக் கீழே அந்த ஏணியின் நுனி அசைந்து அசைந்து சென்றதைப் பார்த்ததும் என் நெஞ்சு பகீரென்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மாலைப்பொழுது கண்முன் வந்து நின்றது.

தொலைக்காட்சி வீட்டுக்கு வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதம் நம் இல்லங்களில் நெடுநாளாக நடந்துவருவது. அதற்குள் நான் நுழையவில்லை. வேண்டுமென்று முடிவு செய்துவிட்ட வீட்டில், அதற்கான ஆண்டெனாவை வெளியே பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு நாளில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அந்த ஒரு நாளில் ஓர் உயிர் போய்விடவும் கூடும் என்பதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

அந்த மாலைப்பொழுது

எங்கள் ஊர் தென்கோடிக் கடற்கரையில் உள்ளது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும், அதன் அலைகள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் பின்னர்தான் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் வீட்டு மாடிகளில் நெட்டை நெட்டையாகக் கம்பங்கள் முளைக்கலாயின. எல்லாக் கம்பங்களும் கடலைப் பார்த்து நின்றன.

1984ஆம் ஆண்டு சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த என் மச்சான், ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்தார். இருபதடிக் குழாய்கள் இரண்டை இணைத்து, நாற்பதடிக் கம்பம் தயாராயிற்று. எதிர்வீட்டில் முப்பதடி; ஆகவே நமக்கு நாற்பதடி! அந்நாளில் கம்பத்தின் உயரத்தில்தான் வீட்டின் கௌரவமே இருந்தது.

அஸர் தொழுகை முடிந்து மச்சான், காக்கா, மெக்கானிக், பதினைந்து வயதுச் சிறுவனாகிய நான் ஆகிய நால்வரும் மாடி ஏறினோம். ஏறுமுன் உம்மா என்னைப் பக்கத்து வீட்டிற்கு அனுப்பி, "எங்க மாடியிலெ ஆம்பளையள் ஏறப் போறாங்க மாமி" என்று சொல்லிவரச் செய்தார்கள். மாடியில் நின்றால் பக்கத்து வீட்டு முற்றம் தெரியும். முற்றத்தில் பெண்கள் தலைத்துணியின்றி வேலையாக இருப்பார்கள். தென்னை மரம் ஏறுபவர்கூடக் குரல் கொடுத்துவிட்டு ஏறுவதுதான் எங்கள் தெருவின் வழக்கம்.

கம்பத்தை நிமிர்த்தத் தொடங்கினோம். பாதி நிமிர்ந்திருக்கும். அப்போது பக்கத்து வீட்டு அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து மாமியின் குரல் வீறிட்டது: "தம்பி! கரண்டுக் கம்பி! கரண்டுக் கம்பி!"

நால்வரும் அப்படியே நின்றுவிட்டோம். அண்ணாந்து பார்த்தோம். வீட்டின் பின்சந்தில் செல்லும் உயரழுத்த மின்கம்பிக்கும் எங்கள் ஆண்டெனாவின் நுனிக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. மெல்ல மெல்லக் கம்பத்தைப் படுக்க வைத்தோம். மச்சானின் கைகள் நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். காக்கா மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நால்வருக்கும் கண் இருந்தது. ஒருவரும் அந்தக் கம்பியைப் பார்க்கவில்லை. காரணம் யாதென்று பின்னாளில் எண்ணிப் பார்த்தேன். கம்பத்தைத் தூக்குபவனின் கண் அதன் அடியில் இருக்கும். ஆபத்து அதன் நுனியில் இருக்கும். கீழே வீட்டுக்குள் இருந்த மாமிக்குத்தான் நுனி தெரிந்தது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தோம்.

அடுத்த ஆண்டு பக்கத்து ஊரில் இதேபோல் ஒரு மாலைப்பொழுது. அங்கே குரல் கொடுக்க எவருமில்லை. கம்பம் சாய்ந்தபோது, விழுந்துவிடப் போகிறதே என்று அந்த இளைஞர் அதனை இறுகப் பிடித்துக்கொண்டாராம். திருமணமாகி ஆறு மாதங்களே ஆகியிருந்தன. அந்த ஜனாஸாவில் எங்கள் மச்சானும் கலந்துகொண்டார். திரும்பி வந்தபின் இரண்டு நாள் அவர் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கமே போகவில்லை.

உயரம் தந்தது எவ்வளவு?

உயிரைப் பணயம் வைத்து நாங்கள் தேடிய அந்த உயரத்தால் என்ன பயன் கிடைத்தது? இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாக இருப்பதால் ஓர் எல்லைக்கு அப்பால் அவை தலைக்கு மேலே போய்விடும். அந்த எல்லையை அறிய ஒரு சிறு கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ நான்கால் பெருக்கினால் அந்த உயரத்திற்குரிய எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். இருபதடிக் கம்பம், அதாவது ஆறு மீட்டர், தருவது சுமார் 10 கிலோமீட்டர். அதையே நாற்பதடியாக்கினால் கிடைப்பது சுமார் 14 கிலோமீட்டர். இரு மடங்கு உயரத்திற்குக் கூடுதலாக வந்த எல்லை நான்கே கிலோமீட்டர்!

ரூபவாஹினியின் அலைகள் இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையிலிருந்து ஒலிபரப்பாயின. அம்மலையின் உயரம் 2,524 மீட்டர். அதற்குரிய எல்லை சுமார் 200 கிலோமீட்டர். காயல்பட்டினமோ அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கணக்குப்படி படம் வரவே கூடாது. ஆயினும் வந்தது. கடலின் மேல் ஈரக்காற்றும், அதற்கு மேல் வறண்ட வெப்பக்காற்றும் அடுக்காக நிற்கும் வேளைகளில், அலைகள் அவற்றினிடையே வளைந்து வெகுதூரம் செல்கின்றன. ஒருநாள் கண்ணாடிபோல் தெளிவாக வந்த படம், மறுநாள் வெறும் பனிமூட்டமாகப் போனதற்கும் இதுவே காரணம். நாங்கள் கம்பத்தின் மீது பழி போட்டு இன்னும் ஐந்தடி கூட்டினோம். உண்மையில் படத்தைக் கொண்டுவந்ததும் கொண்டுபோனதும் கடற்காற்றுதான்.

ஆகவே நேயர்களே, சுற்றியுள்ள வீடுகளையும் தென்னந்தோப்பையும் தாண்டும் அளவிற்கு உயரம் தேவை. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் அடியும் பயனைச் சிறிதாகவும் ஆபத்தைப் பெரிதாகவும் கூட்டுகின்றது.

இன்று மாடியில் நிற்பது எது?

காலம் மாறிவிட்டது. தூர்தர்ஷன் தன் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பை, சில இடங்கள் நீங்கலாக, 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துடன் நிறுத்திவிட்டது. நம் பக்கத்தில் இன்று பெரும்பாலும் மாடியேறுவது தட்டு ஆண்டெனாதான். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவசத் தட்டுச் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும்.

கடல் கடந்து வாழும் நம்மவர் இல்லங்களிலோ கம்ப ஆண்டெனா இன்னும் வழக்கில் உள்ளது. மலேசியாவில் 2019 அக்டோபர் 31 அன்றும், சிங்கப்பூரில் அதே ஆண்டின் தொடக்கத்திலும் பழைய ஒளிபரப்பு நின்று, டிஜிட்டல் ஒளிபரப்பு மட்டுமே உள்ளது. அதனையும் வெளியே வைக்கும் ஆண்டெனாவினால் கட்டணமின்றிப் பெறலாம். இலங்கையிலும் எத்தனையோ கூரைகளில் கம்ப ஆண்டெனாவைக் காணலாம்.

தட்டானாலும் கம்பமானாலும் ஏறுவது அதே மாடி. தூக்குவது அதே இரும்பு. மேலே ஓடுவது அதே மின்கம்பி.

முதலில் மேலே

இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் மாடியின் நான்கு புறமும் நின்று அண்ணாந்து பாருங்கள். தெருவில் செல்லும் கம்பி, பின்சந்தில் செல்லும் கம்பி, வீட்டிற்குள் வரும் சர்வீஸ் கம்பி ஆகிய மூன்றையும் கண்டுகொள்ளுங்கள். உயரழுத்தக் கம்பிகளில் 11,000 வோல்ட் ஓடுகிறது. அவற்றிற்கு உறை கிடையாது. தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும்.

கம்பத்தின் நீளத்தையும் அதன்மேல் அமையும் ஆண்டெனாவின் நீளத்தையும் கூட்டுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எந்தக் கம்பியையும் எட்டாத இடமே கம்பத்திற்குரிய இடம். ஆகவே, கூட்டிய நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளியிருத்தல் நலம். அப்படி ஓர் இடம் மாடியில் இல்லையென்றால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள். அதற்கும் வழியில்லையென்றால் கம்பமே வேண்டாம். படம் இல்லாத வீட்டில் வாழலாம்.

வேலை நடக்கும்போது கம்பத்தைத் தொடாத ஒருவர், சற்றுத் தள்ளி நின்று, நுனியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் "நில்" என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். அன்று எங்களுக்கு மாமி செய்த வேலை அதுவே. அதனைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

கம்பம் கைமீறிச் சாயத் தொடங்கினால் பிடிக்க முயலாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். ஆண்டெனா உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கம்பம் மின்கம்பியில் பட்டு ஒருவர் அதில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள், தொட்டவரும் மாட்டிக்கொள்வார். வீட்டு மின்சாரமாக இருந்தால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். தெருக் கம்பியாக இருந்தால், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரை எவரையும் அருகில் விடாதீர்கள். உயரழுத்தக் கம்பியென்றால் மரக்கட்டையும் காப்பாற்றாது. அதே நேரத்தில் 108க்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

மழை பெய்த மாடி, பலத்த காற்று வீசும் நாள், மஃரிபை நெருங்கிய நேரம் ஆகிய மூன்றும் இவ்வேலைக்கு ஆகாதவை. "இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்" என்னும் அவசரமே பல விபத்துகளுக்கு வாசல். மிச்சத்தை மறுநாள் காலையில் செய்யலாம்.

பிறகு பக்கத்து வீடு

அண்டை வீட்டாருக்கு நம்மீது உரிமை உண்டு என்பதை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டெனா பொருத்தும் நாளில் அவ்வுரிமையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

மாடி ஏறுமுன் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஏறுங்கள். வெளியூரிலிருந்து வரும் மெக்கானிக்கிற்கு நம் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். அவர் சார்பில் நீங்கள் சொல்லுங்கள். பொதுச்சுவரில் கம்பத்தைப் பிணைக்குமுன் அனுமதி கேளுங்கள். சுவர் பாதி உங்களுடையது என்றால் பாதி அவர்களுடையதுமாகும். இழுவைக் கம்பியை அவர்கள் வீட்டுக் கைப்பிடிச்சுவரில் கட்டுவதும், கேபிளை அவர்கள் துணி உலர்த்தும் இடத்தின் குறுக்கே கொண்டுசெல்வதும் கேட்காமல் செய்யத்தக்கவை அல்ல.

கம்பம் விழுந்தால் எங்கே விழும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய ஓட்டுக்கூரையின் மீதா? அவர்கள் குழந்தைகள் விளையாடும் முற்றத்திலா? அப்படியானால் இடத்தை மாற்றுங்கள். நம் வீட்டில் படம் தெளிவாக வருவதற்காகப் பக்கத்து வீட்டார் ஒவ்வொரு காற்றுக்காலத்திலும் அஞ்சிக்கொண்டிருப்பது முறையாகாது.

கம்பம் நிற்கும் விதம்

கம்பத்திற்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே ஏற்றது, கடைகளில் ஜி.ஐ. பைப் என்று கேட்டால் கொடுப்பார்கள். மேல்முனையை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துருவேறிவிடும்.

சுவரில் பொருத்துவதானால் இரண்டு கிளாம்புகளாவது வேண்டும். அவை ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியுடன் இருத்தல் வேண்டும். ஒற்றைச் செங்கல் கைப்பிடிச்சுவரை நம்பாதீர்கள். காற்று கம்பத்தை ஆட்டும்போது சுவரும் சேர்ந்து ஆடும். பத்தடிக்கு மேற்பட்ட கம்பத்திற்கு மூன்று திசைகளில், சம இடைவெளியில், இழுவைக் கம்பிகள் கட்டுவது நன்று. இரண்டு போதாது, மூன்றாவது திசையிலிருந்து காற்று வந்தால் கம்பம் தாங்காது. தென்னை மரத்தில் கட்டுவதும் கூடாது. மரம் ஆட ஆட ஆண்டெனாவின் திசையும் மாறும். ஒருநாள் மரமே கம்பத்தை இழுத்துச் சாய்த்துவிடும்.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று, போல்ட்டையும் நட்டையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளுக்குச் சிறிது கூடுதலாகச் செலவழியுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னர் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறையும் கம்பத்தை அசைத்துப் பாருங்கள்.

இடியைப் பற்றியும் ஒரு சொல். மாடியில் நிற்கும் உலோகக் கம்பத்தை எர்த் செய்தல் வேண்டும். கம்பத்தின் அடியிலிருந்து கனமான செம்புக் கம்பியை, வளைவுகள் அதிகமின்றி, நேராகக் கீழே கொண்டுவந்து, தரையில் அடித்த எர்த் கம்பியுடன் இணைக்க வேண்டும். வீட்டின் எர்த்துடனும் அது சேர்ந்திருக்க வேண்டும். இதனை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். எர்த் செய்துவிட்டால் இடியே விழாது என்று எண்ணிவிடாதீர்கள். நேராக விழும் இடியை முழுமையாகத் தாங்கும் ஏற்பாடு அதுவன்று. ஆகவே வானம் இருண்டு வருகையிலேயே பெட்டியின் மின்செருகியையும் ஆண்டெனாக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பின்னர் கேபிளைத் தொடவே வேண்டாம். கழற்ற மறந்திருந்தால் பெட்டி போனாலும் போகட்டும்.

கடைசியில் திசை

நாம் கம்பங்களில் காணும் மீன்முள் போன்ற ஆண்டெனாவிற்கு யாகி-உடா என்று பெயர். 1926ஆம் ஆண்டில் ஜப்பானின் தோஹோக்குப் பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவர் இதனை உருவாக்கினர். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது, ஆங்கிலேயரின் குறிப்பேடொன்றில் 'யாகி' என்னும் சொல்லைக் கண்டு பொருள் விளங்காமல் விழித்தார்கள் என்றும், பிடிபட்ட ஆங்கிலேயர் ஒருவர்தாம் அது அவர்கள் நாட்டவரின் பெயரே என்று விளக்கினார் என்றும் ஒரு செய்தி உண்டு.

அதன் குறுக்குக் கம்பிகளின் நீளம் அலையின் நீளத்தைப் பொறுத்தது. 60 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மீட்டர். அதற்குரிய கம்பி ஏறத்தாழ அதில் பாதி, இரண்டரை மீட்டர். இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பில் 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதற்கு 30 சென்டிமீட்டர் கம்பி போதும். பழைய ஆண்டெனாக்கள் கட்டிலளவு பெரிதாகவும் இன்றையவை கைக்கு அடக்கமாகவும் இருப்பதன் காரணம் இதுவே. உங்கள் ஊரின் ஒளிபரப்புக்கு எந்த அளவு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள்.

நீளம் குறைந்த கம்பிகள் உள்ள முனை நிலையத்தை நோக்கியிருக்க வேண்டும். நீண்ட கம்பியோ வலைத்தகடோ உள்ள முனை பின்னால் இருக்கும். இதனைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, படம் வரவில்லை என்று உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்களை நான் அறிவேன்.

அந்நாளில் மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, படியில் ஒருவர் நிற்க, பெட்டியின் முன் ஒருவர் இருந்து, "வருது... வருது... போச்சு!" என்று கூவுவோம். பனிமூட்டம் குறையக் குறையச் சரியான திசையை உணரலாம். டிஜிட்டல் ஒளிபரப்பில் அந்தப் பனிமூட்டமே கிடையாது. வந்தால் முழுப் படம்; அலை குறைந்தால் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும். ஆகவே பெட்டியின் திரையில் அலையின் வலிமையைக் காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்து, சிறிது திருப்பி, சில விநாடிகள் பொறுத்து, மீண்டும் சிறிது திருப்ப வேண்டும். பொறுமையே இங்கு கருவி.

பூஸ்டரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அது இல்லாத அலையை உண்டாக்குவதில்லை. வருகின்ற அலையையும் அதனோடு வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. நீண்ட கேபிளில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய அது உதவும். அப்போதும் ஆண்டெனாவின் அருகில் வைத்தால்தான் பயன் மிகுதி. கேபிள் வீட்டிற்குள் நுழையும் இடத்தில் சற்றுக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே வளைத்து உள்ளே விடுங்கள். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் வராது.

தட்டு ஆண்டெனாவுக்கு வருவோம். தூர்தர்ஷனின் இலவசச் சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டிற்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ளது. சென்னையிலிருந்து அது சரியாகத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். தெற்கே செல்லச் செல்லத் திசை கிழக்குப் பக்கமாகச் சாயும். தட்டின் முன்னே சற்றுக் கீழ்ப்புறம் தள்ளி அதன் ஏற்பி அமைந்திருப்பதால், தட்டு பார்ப்பதற்குச் சற்று நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றும். ஆயினும் அது காண்பது வானத்தின் உச்சிக்கு அருகே. அந்தப் பக்கத்தில் மரக்கிளையோ தண்ணீர்த்தொட்டியோ மறைக்காமல் இருந்தால் போதும். உயரமான கம்பமே தேவையில்லை. மாடித் தளத்திலேயே அதனைப் பொருத்திவிடலாம். பெருமழையில் படம் சிறிது நேரம் நின்றுபோவது இயல்பு. அதற்காக மழையில் மாடி ஏறாதீர்கள். மழை விட்டதும் தானே வரும்.

இங்கே ஒரு வியப்பு. எங்கள் கடற்கரை ஊர்களில் அன்று ரூபவாஹினிக்காக ஆண்டெனாவைத் திருப்பிய திக்கும், இன்று இந்தத் தட்டைத் திருப்பும் திக்கும் ஏறத்தாழ ஒன்றே. அன்று கடலைப் பார்த்தது; இன்று வானத்தைப் பார்க்கிறது.

இல்லத்தரசிகளுக்கு

நம் வீடுகளில் பலவற்றில் ஆண்கள் கடல் கடந்திருக்க, மெக்கானிக் வரும் நாளில் பொறுப்பேற்று நிற்பவர்கள் பெண்களே. "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடாதீர்கள், சகோதரிகளே. அவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

கம்பம் சாய்ந்தால் எந்தக் கம்பியையாவது எட்டுமா? நுனியைப் பார்த்துக்கொள்ள ஆள் யார்? எர்த் எங்கே இணைக்கிறீர்கள்? இந்தச் சுவர் தாங்குமா? பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்றா?

இவற்றிற்கு நேரான விடை கிடைக்காவிட்டால், "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளை உதவிக்கென்று மாடிக்கு அனுப்பாதீர்கள். பதினைந்து வயதில் நானும் அப்படித்தான் அனுப்பப்பட்டேன்.

இன்னுமொரு வேண்டுகோள். ஆண்டெனாவின் தேவை முடிந்துபோன பின்னரும் எத்தனையோ மாடிகளில் பழைய கம்பங்கள் துருவேறி நிற்கின்றன. யாரும் அவற்றை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒரு புயற்காற்றில் அவை மின்கம்பியின் மீதோ, தெருவில் செல்வோர் மீதோ விழக்கூடும். தக்க ஆளைக் கொண்டு இறக்கிவிடுங்கள். ஏற்றும்போது காட்ட வேண்டிய அத்தனை எச்சரிக்கையும் இறக்கும்போதும் தேவை. துருவேறிய குழாய் பாதியில் முறிந்துவிடும் ஆதலால் இன்னும் கூடுதலாகவே தேவை.

எங்கள் வீட்டு நாற்பதடிக் கம்பம் பின்னர் இருபதடியாகக் குறைக்கப்பட்டு, மாடியின் மறுபக்கத்தில் நின்றது. எதிர்வீட்டைவிடக் குட்டை. படம் முன்போலவே சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை. படம் நன்றாக வந்த இரவுகளில் மாமியும் எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மாவின் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். மாமி வந்ததும் மச்சான் எழுந்து, பெட்டியை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி சற்றுத் திருப்பி வைப்பார்.